பதினோரு பேர் ஆட்டம், ஒருத்தர் சான்றிதழ்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் வட்டாரத்து பிரவுசிங் சென்டர் வாசல்களில் செருப்புகள் குவிந்துவிடும். அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெயர், சாதி, மதிப்பெண் எல்லாம் தட்டி முடித்ததும் ‘சிறப்புப் பிரிவு’ என்று ஒரு இடம் வரும். மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளை, என்.சி.சி., விளையாட்டு வீரர். சென்டர்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்பார்.

“ஸ்போர்ட்ஸ்ல ஏதாவது இருக்காப்பா?”

“ஃபுட்பால் ஆடுவேங்ணா.”

“ஆடுறது கெடக்கட்டும். சர்ட்டிபிகேட் இருக்கா?”

ஐந்து வருடம் காலையும் மாலையும் பந்தை உதைத்த பையன் அந்த இடத்தில் திகைத்து நிற்பான். அவனிடம் இருப்பது பிளாஸ்டிக் கோப்பைகள், வாட்ஸ்அப்பில் நாலைந்து வீடியோ, இடது முழங்காலில் ஒரு தழும்பு. கம்ப்யூட்டர் கேட்பது ஸ்கேன் செய்து ஏற்றக்கூடிய ஒரு தாள்.

கால்பந்து ஆடிக்கொண்டே கல்லூரியில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த மாநிலத்தில் கதவே இல்லை என்று சொல்ல முடியாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ்.ஸில்கூட 7 இடம் உண்டு. அரசு வேலையில் 3 விழுக்காடு. போலீஸ் தேர்வில் 10 விழுக்காடு. சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கிறது. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு இருப்பது வேறு இடத்தில். கால்பந்து பதினோரு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஒதுக்கீடோ ஒருவரைத் தனியாக நிறுத்தி எடை போடுகிறது. அந்த ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும், மற்ற பத்துப் பேர் தோற்றால் அவர் கையில் தாள் வராது.

தனியாகப் போனவர்கள்

சேலம் மாவட்டம் உலகத்துக்குக் கொடுத்த விளையாட்டுக்காரர்களைப் பாருங்கள், விஷயம் புரியும். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில், கால் நன்றாக இருந்த பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம். சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் பி.பி.ஏ. படித்தார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் தாண்ட வேண்டியது ஒரு கம்பியை. அந்தக் கம்பி விழுந்ததா நின்றதா என்பதற்கு மேல் விவாதம் கிடையாது. கூட ஆடுகிறவன் பந்தைத் தவறாகக் கொடுத்தான் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

சின்னப்பம்பட்டி நடராஜன் குழு விளையாட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவன் தனி ஆள். தொடர்ந்து ஆறு யார்க்கர் போட்டால், அணி தோற்றாலும் அவன் கண்ணில் படுவான். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பெயர் எடுத்து, சென்னை லீக், டி.என்.பி.எல். என்று ஏறி, 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். இன்று அவர் ஊரில் அவர் பெயரிலேயே ஒரு மைதானம் இருக்கிறது.

கால்பந்தில் இது நடக்காது. முன்களத்தில் ஆடுகிறவனுக்குப் பந்து வந்து சேர வேண்டும். நடுக்களத்தில் இருப்பவன் கொடுக்கிற பந்தை ஓடிப் பிடிக்க ஒருவன் வேண்டும். எட்டு கோல் வாங்கிய அணியின் கோல்கீப்பர் பதினைந்தைத் தடுத்திருப்பான். ஸ்கோர் ஷீட்டில் எட்டுதான் இருக்கும். பெரியவர்கள் ஆட்டத்திலும் இந்தச் சங்கடம் உண்டு என்றாலும், அவர்களுக்கு வேறு கிளப் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு அவன் படிக்கிற பள்ளி ஒன்றுதான்.

ஏணியின் முதல் படி

கெங்கவல்லி சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவில் சுவேத நதி. மக்காச்சோளம், மரவள்ளி, பாக்கு, பருத்தி. கிழங்கு வெட்டுகிற பருவத்தில் சேகோ ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். ஆட்டம் என்றால் இங்கே கபடிதான். அதற்கடுத்து வாலிபால், கிரிக்கெட். கால்பந்து எப்போதும் மூன்றாவது நான்காவது இடத்துப் பிள்ளை. வியாசர்பாடியில் தெருவுக்கு ஒரு அணி உண்டு. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஊருக்கு ஒரு கிளப் உண்டு. இங்கே ஒரு பி.டி. சார் கால்பந்து ஆடியவராக இருந்தால் அந்தப் பள்ளியில் கால்பந்து இருக்கும். அவர் மாறுதலாகிப் போனால் பந்தும் பீரோவுக்குள் போய்விடும்.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனை நினைத்துக்கொள்வோம். ஊர் கூடமலையோ நடுவலூரோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இவனைப் போல இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் மரவள்ளி, மீதி நாள் லோடு வேலை. முதல் ஸ்டட்ஸ் சீனியர் அண்ணன் கொடுத்தது. அளவு ஒன்று பெரிது, முனையில் துணி திணித்துக்கொள்வான். இந்தச் செம்மண் தரையில் ரப்பர் குமிழ்கள் ஒரு வருடத்தில் மொழுமொழுவென்று தேய்ந்துவிடும். அடிப்பாகம் வாய் பிளந்தால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைப்பவரிடம் நைலான் நூல் போட்டுத் தைத்துக்கொள்வான். புதிது வாங்குவது தீபாவளிக் கணக்கில் வர வேண்டும்.

கோல் கம்பத்தையும் சொல்ல வேண்டும். கால்பந்து கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் நட்டிருப்பது ஹேண்ட்பால் கம்பம்: 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதில் அடித்துப் பழகியவன் மாவட்டப் போட்டியில்தான் முதன்முதலாக உண்மையான கோலைப் பார்க்கிறான். முன்களத்துக்காரனுக்குக் கொண்டாட்டம். கோல்கீப்பருக்கோ வயிற்றைக் கலக்கும். அவன் ஒரு எட்டில் தொட்டுப் பழகிய மூலை இப்போது இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. பள்ளியில் ‘சூப்பர் கீப்பர்’ என்று பெயர் எடுத்தவன் அந்த ஒரு மேட்ச்சில் அசிங்கப்பட்டுத் திரும்புவதற்குக் காரணம் அவன் கையில் இல்லை, கம்பத்தில் இருக்கிறது.

பள்ளிக்கல்வித் துறையின் ஏணி இப்படி: குறுவட்டம், வருவாய் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்று பெயர். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. எல்லாம் நாக்-அவுட். குறுவட்டத்தில் தோற்றால் அந்த வருடம் அதோடு முடிந்தது, அடுத்த வருடம்தான். ஆகஸ்ட்டில் ஒரு நாள் சென்டர் பேக் பையனுக்கு வைரல் காய்ச்சல், அவன் இடத்தில் கபடிக்காரன் இறங்குகிறான், மூன்று கோல் வாங்குகிறார்கள். நம் பையன் இரண்டு அடித்திருப்பான். இரண்டுக்கு மூன்று, பை. கையில் கிடைப்பது குறுவட்ட அளவில் கலந்துகொண்டதற்கான சான்று. கலந்தாய்வில் அதற்கு எடை ரொம்பக் குறைவு. மாநில அளவு, தேசிய அளவு என்று மேலே போகப் போகத்தான் மதிப்பெண் கூடும். பங்கேற்பை விடப் பதக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

இதே பையன் மாநிலக் கோப்பை வெல்கிற ஒரு பெரிய நகரத்துப் பள்ளியில் பதினாறாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்? ஒரு நிமிடம்கூட இறங்காமல் தங்கப் பதக்கச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்திருப்பான். இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பெஞ்சில் இருந்த பிள்ளை மீது கோபம் வேண்டாம், அவனும் தினம் வெயிலில் ஓடியவன்தான். எடை போடுகிற தராசுதான் ஆளைப் பார்க்காமல் அணியைப் பார்க்கிறது.

செவன்ஸ் போட்டிகள் இன்னொரு வேடிக்கை. பொங்கல், கோயில் திருவிழா, தலைவர் பிறந்தநாள் என்றால் ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஃப்ளெக்ஸ் கட்டி எழுவர் ஆட்டம் நடக்கும். ரொக்கப் பரிசு, ஆளுயரக் கோப்பை, ராத்திரி ஃபோகஸ் லைட். நல்ல ஆட்டக்காரனை வேறு ஊர் அணிகள் பைக்கில் வந்து அழைத்துப் போவார்கள். பெட்ரோல், பிரியாணி, கையில் ஐந்நூறு ரூபாய். வட்டாரத்தில் பெயர் பரவுவது இதில்தான். ஆனால் அந்தக் கோப்பைகளை வரிசையாக அடுக்கினாலும் விண்ணப்பத்தில் ஏற்றுகிற மாதிரி ஒரு தாள் தேறாது. ஏழு பேர் ஆட்டத்தில் ஊறிப்போனவனுக்குப் பெரிய மைதானத்தில் இடம் பிடித்து நிற்கத் தெரிவதில்லை என்று பயிற்சியாளர்கள் குறைப்படுவதும் உண்டு.

தனி ஆளுக்கு ஒரு சந்து

தனியாகப் போய்க் காட்டுவதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியப் பள்ளிகள் விளையாட்டுக் குழுமத்தின் தேசியப் போட்டிக்குத் தமிழ்நாடு அணியை எடுக்க மாவட்டத்திலிருந்து தேர்வுகள் நடக்கும். மாவட்டக் கால்பந்துக் கழகம் ஜூனியர் அணி எடுக்கும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் விளையாட்டு விடுதிகளுக்கு ஆள் எடுக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகை, கல்லூரி மாணவர்களுக்குச் சிறப்புநிலை விடுதி என்று இன்னொரு வகை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. இங்கெல்லாம் பள்ளி அணி தோற்றதா ஜெயித்ததா என்று பார்க்க மாட்டார்கள், ஆளைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் தகவல் வந்து சேர வேண்டுமே. நாளைக் காலை ஏழு மணிக்குச் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் செலக்‌ஷன் என்று வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதரைக்கு வருகிற செய்தி, சேலத்துப் பையனுக்குச் செய்தி. கெங்கவல்லிப் பையனுக்குச் சோதனை. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். ஆத்தூர் போய் பஸ் மாற வேண்டும். நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணி பஸ்ஸில் நின்றபடி போய், வெறும் வயிற்றில் இறங்கி இருபது நிமிடம் ஆடிக் காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் இட்லி சாப்பிட்டு, அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கியவன்.

இருபது நிமிடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இருநூறு பேர் வந்திருக்கிற இடத்தில் தேர்வாளர் பார்ப்பது முதலில் உயரம், அப்புறம் ஓட்டம், அப்புறம் பந்தை வாங்குகிற முதல் தொடுகை. பெயர் தெரியாத பதினோரு பேரை ஒரு அணியாக நிறுத்துவார்கள். யாரும் யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டார்கள்; ஆளாளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளத் தனியாக ஓடுவார்கள். பாஸ் கொடுத்துப் பழகிய ஒழுங்கான பையன் அங்கே காணாமல் போவான். இதற்கு ஒரு தந்திரம் சொல்வார்கள்: முதல் ஐந்து நிமிடத்தில் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடு. ‘மேன் ஆன்’, ‘டைம்’, ‘லெஃப்ட்ல விடு’ என்று கத்துகிறவனைத் தேர்வாளர் ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பார்.

தேர்வானாலும் காகிதம் விடாது. ஆதாரில் ‘எம்’ இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால். பிறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர், பள்ளியில் கூப்பிடு பெயர். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயது மோசடி இந்த ஆட்டத்தில் பழைய நோய் என்பதால் இளையோர் பிரிவுகளில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கிற சோதனையும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட பிறந்தநாள் பத்து வருடம் கழித்து இங்கே வந்து நிற்கும்.

கடலூரில் என்ன நடந்தது

இதே தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை ஒரு ஊர் தீர்த்துக் காட்டியிருக்கிறது. கடலூர். கடலும் மீனும் சிப்காட்டுமாக இருந்த ஊரிலிருந்து இந்திய மகளிர் அணிக்கு அடுத்தடுத்து ஆட்கள் போனார்கள். இந்துமதி கதிரேசன், பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதன். பயிற்சியாளர் மாரியப்பன் நடத்திய இந்திரா காந்தி அகாடமி அவர்களை வளர்த்தது. அந்த அகாடமி இந்திய மகளிர் லீக்கிலேயே ஓர் அணியாக ஆடியது.

அவர்கள் செய்தது எளிய காரியம். பள்ளிக்கு இரண்டு பேராகச் சிதறிக் கிடந்த பிள்ளைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சந்தியா அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். ஒரே மைதானம், ஒரே பயிற்சியாளர், வருடக்கணக்கில் ஒரே பதினோரு பேர். ஒரு அணி உருவானதும் அதே ஏணி அவர்களுக்கு வேலை செய்தது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. மணிப்பூரை மகளிர் கால்பந்தில் வெல்வது என்றால் என்னவென்று ஆட்டம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடி தேசியப் பட்டத்தைத் தூக்கியது.

இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை சென்னைச் சாலையில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வாகனங்களைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் சோறு போடுமா என்று கேட்கிற அப்பாக்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடலாம். கெங்கவல்லியில் ஒரு பெண் பிள்ளை கால்பந்து ஆடினால் அவளுக்கு வாய்ப்பு பையனைவிடக் கூடுதல். பெண்கள் அணியை இறக்குகிற பள்ளிகள் குறைவு. ஏணியில் படிகளும் அதனால் குறைவு. இரண்டு மேட்ச் ஜெயித்தால் மாவட்டத்தின் உச்சிக்கு வந்துவிடலாம். பல்கலைக்கழக அணிகளுக்கும் ஆள் தேவை. வீட்டில் அரை டிராயர் போட விடுவார்களா என்பதுதான் அங்கே முதல் போட்டி. அதில் ஜெயித்த பிள்ளைகளுக்கு மிச்சப் பாதை பையன்களுடையதைவிடக் கொஞ்சம் அகலம்.

கல்லூரி என்ன கேட்கும், என்ன கொடுக்கும்

சான்றிதழ் இல்லாதவனுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைப் பள்ளிகளில் யாரும் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. கால்பந்து அணி வைத்திருக்கிற தனியார், உதவி பெறும் கல்லூரிகள் ஏப்ரல், மே மாதங்களில் தாங்களே செலக்‌ஷன் வைக்கும். சென்னை லயோலா மாதிரி பழைய கால்பந்துக் கல்லூரிகள் முதல் கோவை, சேலம், திருச்செங்கோடு வட்டாரத்துக் கல்லூரிகள் வரை இந்தப் பழக்கம் உண்டு. உடற்கல்வி இயக்குநர் ஆட வைத்துப் பார்ப்பார். பிடித்துப்போனால் கட்டணத்தில் சலுகை. சிறந்த ஆட்டக்காரனென்றால் விடுதியும் சாப்பாடும். எழுத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் வருடம் இலவசம், இரண்டாம் வருடம் ‘பார்க்கலாம்’ என்பது பல இடத்தில் கேட்கிற பேச்சு.

பி.டி. சாரின் ஒரு போன் இங்கேதான் வேலை செய்யும். ‘எங்க ஸ்கூல்ல ஒரு பையன் இருக்கான், ரைட் விங்ல நல்லா ஓடுவான், ஒரு தடவை பாருங்க சார்’ என்று அவர் தன் பழைய கூட்டாளியான கல்லூரி பி.டி.யிடம் சொன்னால் போதும். தாள் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்யும். சிபாரிசு என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆட்டத்தைப் பார்த்த மனிதர் ஆட்டம் தெரிந்த மனிதரிடம் சொல்வது, ஸ்கேன் செய்த தாளைவிட நேர்மையான சாட்சி.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சேர்வது 1997-ல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில்தான். ஆத்தூரில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும்; மண்டலத்தில் தேறினால் அகில இந்தியா. பல்கலைக்கழக அணியில் ஆடியதற்குக் கிடைப்பதுதான் ஆட்டக்காரர்கள் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற ‘ஃபார்ம் த்ரீ’. நாட்டுக்கு ஆடினால் ஃபார்ம் ஒன், மாநிலத்துக்கு ஆடினால் டூ, பல்கலைக்கழகத்துக்கு த்ரீ. போலீஸ் ஒதுக்கீட்டுக்கு இந்த மூன்றில் ஒன்று வேண்டும். பள்ளியில் தவறவிட்ட தாளை வாங்க இது இரண்டாவது வாய்ப்பு. சொல்லப்போனால் பள்ளித் தாளைவிட இதுதான் வேலைக்கு உதவும். இங்கே அணியை பல்கலைக்கழகம் பொறுக்கி எடுக்கிறது; ஆத்தூர் கல்லூரி தோற்றாலும் அதில் ஆடிய நல்லவன் மேலே போகலாம்.

தென்மண்டலம் என்றதும் கேரளம் குறுக்கே நிற்கும். கோழிக்கோடு பல்கலைக்கழகம் அகில இந்தியக் கோப்பையைப் பலமுறை வென்ற அணி. மலப்புறத்துப் பையன்கள் கல்லூரி அணியில் ஆடும்போதே பாதித் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அவர்களோடு ஒரு முறை ஆடித் தோற்றால்கூட, ஹேண்ட்பால் கம்பத்தில் பழகியவனுக்கு அது ஒரு வருடப் படிப்பு.

உண்மையான படிப்பும் நடக்க வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிகள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. செமஸ்டர் தேர்வு நவம்பரில். ‘ஆன் டியூட்டி’ கொடுத்து வருகைப்பதிவைச் சரிக்கட்டலாம்; விட்டுப்போன அக்கவுண்டன்சியை எந்த ஆன் டியூட்டியும் சொல்லிக் கொடுக்காது. காலை ஐந்தரைக்குப் பயிற்சி, எட்டரைக்குக் கல்லூரி, நாலு மணிக்கு மறுபடி மைதானம். மூன்றாம் வருடம் அரியர் ஏழு, ஃபார்ம் த்ரீ ஒன்று என்று நிற்கும் பிள்ளைகளை எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம். டிகிரி இல்லாமல் உதவி ஆய்வாளர் தேர்வு எழுத முடியாது. தாள் கையில் இருக்கும், உட்கார நாற்காலி இருக்காது.

அமெரிக்காவில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஃபுட்பால் என்றால் முட்டைப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற வேறு ஆட்டம். பத்து லட்சம் பள்ளி மாணவர்கள் ஆடுகிறார்கள். கல்லூரிக்கு ஆடப் போகிறவர்கள் நூற்றில் ஏழு பேர். அவர்களிலும் தொழில்முறைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முதல் நிலைக் கல்லூரியில் ஆட வேண்டுமென்றால் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து, சராசரி 2.3 புள்ளிக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். மதிப்பெண் இல்லையென்றால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் வெளியே. நம் ஊரில் மதிப்பெண் குறைந்தவன் உள்ளே வர விளையாட்டைப் பிடித்துக்கொள்கிறான். அங்கே விளையாட மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அங்கே கல்லூரிப் பயிற்சியாளர் பையன் ஆடிய வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார், பள்ளிக்கே வந்தும் பார்க்கிறார். தோற்ற அணியிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். அங்கே பணம் ஆறாக ஓடுகிறது என்பது உண்மைதான். 2025-ல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு பெரிய கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்தப் பணம் நமக்கு வேண்டாம். வீடியோ பார்க்கிற பழக்கத்தை இறக்குமதி செய்யப் பெரிய செலவு இல்லை. நம் பையனின் போனில் வீடியோ ஏற்கெனவே இருக்கிறது.

அதற்குப் பிறகு

ஐ.எஸ்.எல்., சென்னையின் எஃப்.சி. என்று கனவு காண்பவர்களைத் தடுக்க வேண்டாம். வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷும் நந்தகுமாரும் போனார்கள். ஆனால் 2025 ஜூலையில், கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐ.எஸ்.எல். லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலில் அந்த லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. நாட்டின் உச்ச அணிகளில் ஆடியவர்களே சம்பளம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். கெங்கவல்லிப் பையன் பி.காம். முடித்துவிட வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்ட வேண்டும். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம். கட்டணமும் விடுதிச் செலவும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றுக்கு எந்தப் பந்தையும் உதைக்க வேண்டாம். இப்படிச் சேர்ந்துவிட்டு உள்ளே போய் அணியில் இடம் பிடிப்பதுதான் பல பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டைவிட உறுதியான வழி. என்னிடம் யோசனை கேட்கிற பெற்றோரிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முழங்காலைப் பற்றியும் கேட்கட்டும். உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம் ஆட முடியாது. ஸ்கேன், அறுவை சிகிச்சை, பிசியோ. சேர்க்கும்போது சலுகை பேசுகிற கல்லூரியிடம், அடிபட்டால் யார் செலவு, அந்த வருடம் இடம் இருக்குமா, விடுதி இருக்குமா என்று கேட்கிற பெற்றோர் குறைவு. கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் கட்டுவோம் என்று 2022-ல் அறிவித்தார்கள், நல்ல விஷயம். முதலமைச்சர் கோப்பையில் லட்சம் ரூபாய்ப் பரிசு, அதுவும் நல்லது. இவற்றோடு செலவே இல்லாத ஒரு மாற்றத்தைச் செய்யலாம். குறுவட்டப் போட்டி நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும் இரண்டு தேர்வாளர்களை உட்கார வையுங்கள். தோற்ற அணிகளிலிருந்தும் சேர்த்து நன்றாக ஆடிய பதினெட்டுப் பேரைப் பொறுக்கி, குறுவட்டத் தேர்வு அணி என்று ஒன்றை மாவட்டத்துக்கு அனுப்புங்கள். அந்த அணியில் இடம் பெற்றதற்கு ஒரு சான்றிதழ், அதற்குக் கலந்தாய்வில் ஒரு மதிப்பெண். பல்கலைக்கழகம் செய்கிற அதே காரியத்தைப் பள்ளி மட்டத்தில் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அது வரும்வரை நடைமுறையில் இருக்கிற கணக்கு இது: பொறியியல் கலந்தாய்வுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையிலான நான்கு வருடச் சான்றிதழ்களைத்தான் பார்க்கிறார்கள். இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கிறவனுக்கு அந்த நான்கு வருடம் தொடங்கிவிடுகிறது. ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வதை அவன் வீட்டார் பள்ளி திறக்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம். குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது.